இயற்கையின் விலாசம், காஜா பெராங்

1

ஊரில் இருக்கும் அன்பர்களுக்கு, மலாக்காவிலிருந்து கிராணி ரத்தினம் எழுதுவது. நீங்கள் சுகம் என்று எழுதுகிறீர்கள், நானும் சுகம் என்று எழுதுகிறேன். இருபது வருஷமாகக் கப்பல்காரன் இரண்டு பக்கத்துப் பொய்யையும் சுமந்துகொண்டிருக்கிறான். இந்த முறை கொஞ்சம் உண்மை எழுதலாம் என்று உத்தேசம். பயப்படவேண்டாம், கொஞ்சம்தான்.

இன்று சனிக்கிழமை. நாளை பொழுது விடிந்தால் இந்த நாட்டுக்கு விடுதலை வந்து ஒரு வருஷம். பண்டார் ஹிலிர் பக்கம் போனால் தெருவெல்லாம் வண்ணக் காகிதம். நான் கிராணியாக, அதாவது கணக்குப்பிள்ளையாக, வேலை பார்க்கும் ரப்பர் ஆலை காஜா பெராங்கின் ஓரத்தில் இருக்கிறது. அங்கேயும் முதலாளி வாசலுக்குச் சுண்ணாம்பு அடித்து இரண்டு கொடி கட்டியிருக்கிறார். கொடிகளுக்கு நடுவே ஒரு தகரப் பலகை. அதில் சிவப்பு மையில் ஒரே ஓர் ஆங்கில எழுத்து: சி.

அது சுகாதார இலாகா எங்கள் ஆலைக்குப் போட்டிருக்கும் மார்க்கு. ஏ என்றால் சுத்தம். பி என்றால் பரவாயில்லை. சி என்றால் இப்போதைக்கு மூடவேண்டாம், அவ்வளவுதான். பலகையை எல்லோர் கண்ணிலும் படும்படி வாசலில் மாட்டவேண்டும் என்பது உத்தரவு. எங்கள் முதலாளி கெட்டிக்காரர். சரக்கு கொண்டுவருகிறவர்களிடம் அது கொடியில் இருக்கிற பிறை என்று சொல்லிச் சமாளிக்கிறார்.

சில மாதங்களுக்கு முன்பு அதே இடத்தில் ஏ தொங்கியது. அது எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். இரண்டுக்கும் காரணம் நான்தான்.

இதற்குள்ளேயே என் சொந்தக் கதை ஒன்றும் இருக்கிறது. இந்த நாட்டுக் குடியுரிமைக்கு நான் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். முதல் வருஷம் முடிவதற்குள் கொடுத்தால் சுலபம், அப்புறம் மலாய்ப் பரீட்சை அது இது என்று இறுக்கிவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆபீஸ் சனிக்கிழமை பகலோடு மூடிவிடும். ஆகவே இன்று பன்னிரண்டு மணிக்குள் எனக்கு ஒரே ஒரு கைரேகை வேண்டியிருந்தது. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், என்னைப் பல வருஷமாக அறிந்த, இந்த மண்ணில் பிறந்த ஒருவர், "இவர் நல்ல நடத்தை உள்ளவர்" என்று கையெழுத்தோ ரேகையோ வைக்கவேண்டும்.

எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் என்னைப்போலக் கப்பலில் வந்து இறங்கியவர்கள். முதலாளியே நாகூர்க்காரர். இங்கே பிறந்தவர் என்று நான் உரிமையோடு போய் நிற்கக்கூடிய ஒரே ஆள், என் வீட்டுக்கும் ஆலைக்கும் இடையே குடியிருக்கும் பக்கத்து வீட்டு மக்சிக் காமாச்சி. அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கிணறு இருந்தது.

2

முதலில் ஆலையைச் சொல்லிவிடுகிறேன். தோட்டங்களில் ரப்பர் மரத்தின் வெட்டிலும் கோப்பையிலும் ஒட்டிக் காய்ந்துபோகும் பாலை ஒட்டுப்பால், கட்டிப்பால் என்போம். மண்ணும் பட்டையும் கலந்த அந்தக் கழிவை மூட்டை மூட்டையாக வாங்கி, ஊறவைத்து, இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு, தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவி, தட்டையாக இழுத்து, காயவைத்துக் கப்பலேற்றுகிறோம். வாசத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். என் மனைவி செண்பகம் கல்யாணமான புதிதில் என்னைத் தனியாக விட்டுவிட்டு எங்கும் போகமாட்டாள். இப்போது நான் பின்வாசல் வழியாக வந்து, குளித்து, துணி மாற்றின பிறகுதான் என்னோடு பேசுகிறாள்.

மகள் வசந்தாவுக்குப் பதினொரு வயது. இங்கேயே பிறந்தவள், ஆகவே அவளுக்கு எந்த விண்ணப்பமும் வேண்டியதில்லை. இங்கிலீஷ் பள்ளிக்கூடம். தமிழில் ஒன்று கேட்டால் "தாக்கப்பா லா, அப்பா" என்று மலாயில் பதில் வரும். பரவாயில்லையாம். எனக்குத்தான் பரவாயில்லை என்று விடமுடியவில்லை. என் மகள் இந்த நாட்டுக்காரி, நான் அவள் வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கு உண்டு. விண்ணப்பம் போட்டதற்கு அதுதான் முழுக் காரணம்.

பள்ளி விட்டதும் அவள் மக்சிக் வீட்டில்தான் கிடப்பாள். மக்சிக் என்றால் அத்தை, சித்தி மாதிரி ஒரு மரியாதை. காமாச்சி மக்சிக் மலாக்காச் செட்டி. வட்டிக்கடைச் செட்டியார் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், இது வேறு சாதி மக்கள். நம் பக்கத்திலிருந்து பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாக்காவில் வேரூன்றியவர்கள். சாமி நம்முடையது, நெற்றியில் திருநீறு நம்முடையது, பேச்சு மட்டும் மலாய். சாரோங்கும் கெபாயாவும் உடுத்திக்கொண்டு, இடுப்பில் கைவைத்து நின்றாரானால் எங்கள் முதலாளியே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு மலாய் கடைக்குப் போய் வருகிற அளவுக்குத்தான். இத்தனை வருஷமும் எங்கள் நட்பு முழுவதும் வசந்தாவின் வாய் வழியாகத்தான் நடந்தது.

3

எங்கள் ஆலையை எடைபோட இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் ஆள் வந்து பார்த்து மார்க்கு போடுவார். மற்றொன்றில் நாமே நம்மைப் பற்றி எழுதி அனுப்பவேண்டும். இரண்டையும் கவனிப்பது கிராணியின் வேலை.

வந்து பார்க்கிறவர் சிவஞானம் இன்ஸ்பெக்டர், யாழ்ப்பாணத்துக்காரர். சுண்ணாம்புக்கு இத்தனை, மூடிய சாக்கடைக்கு இத்தனை, ஈ இல்லாததற்கு இத்தனை, வாசத்துக்கு இத்தனை என்று அட்டையில் கட்டம் போட்டு வைத்திருப்பார். முன்கூட்டியே கடிதம் போட்டுவிட்டு வருவது அவருடைய நாகரிகம். அந்தக் கடிதம் வந்ததிலிருந்து எங்கள் திறமை ஆரம்பமாகும். அன்று உருளை ஓடாது. ஊறல் தொட்டிக்கு மேல் பலகை, பலகைக்கு மேல் பூந்தொட்டி.

வாசம்தான் பிரச்சினை. நான் ஒரு யோசனை சொன்னேன். இரண்டு வீசை சாம்பிராணி வாங்கி, எட்டு மூலையிலும் தணலில் போட்டோம். வாசலில் வந்து இறங்கிய சிவஞானம் உள்ளே ஒரு முறை எட்டிப் பார்த்தார். புகை மூட்டத்தில் எங்கள் ஆட்கள் வரிசையாகக் கைகட்டி நின்றார்கள். அவர் சட்டென்று சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

"எந்தச் சாமி?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

முதலாளி முந்திக்கொண்டு, "எல்லா சாமியும்தாங்க" என்றார்.

அன்றுதான் ஏ வந்தது.

ஊரில் எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்தது ஞாபகம் வருகிறது. எங்கள் பள்ளியில் பிள்ளைகள் குறைவு. பக்கத்து ஊர்ப் பள்ளியிலும் குறைவு. ஆகவே அங்கே இன்ஸ்பெக்டர் வந்தால் நாங்கள் இரவல் போவோம், இங்கே வந்தால் அவர்கள் வருவார்கள். இங்கே நான் ரத்தினம், அங்கே கோவிந்தராசு. ஒரு தடவை அவர் காலையில் எங்கள் பள்ளி, மாலையில் அந்தப் பள்ளி என்று ஒரே நாளில் வைத்துவிட்டார். நாங்கள் வரப்பில் குறுக்கே ஓடி, அவர் வண்டி வருவதற்குள் அங்கே போய் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தோம். அவர் என்னை உற்றுப் பார்த்து, "உன்னை எங்கேயோ பார்த்திருக்கிறேனே?" என்றார். "காலையிலே பார்த்தீங்க ஐயா" என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாத்தியார்களிடமும் அடி விழுந்தது. எனக்கு இது ஒரு வியாதி. யோசித்து யோசித்து எவ்வளவு பெரிய பொய்யையும் கட்டிவிடுவேன். யாராவது நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டால் அவிழ்த்துவிடுவேன்.

4

இரண்டாவது முறை காகிதம். ஐரோப்பாவில் எங்கள் ரப்பரை வாங்குகிற கம்பெனி வருஷம் ஒரு முறை ஒரு கேள்விப் புத்தகம் அனுப்பும். எவ்வளவு தண்ணீரில் கழுவுகிறீர்கள், கழுவின நீர் எங்கே போகிறது, அக்கம்பக்கத்தாருக்கு உங்களால் என்ன நன்மை, இப்படி. யாரும் வந்து பார்க்கமாட்டார்கள். நாம் எழுதுவதுதான் சத்தியம்.

இது எனக்கு மிகவும் பிடித்த வேலை. சாம்பிராணிச் செலவுகூட இல்லை. "கழுவின நீர் எங்கே போகிறது?" என்ற கேள்விக்கு இரண்டு நாள் யோசித்து, "இயற்கைக்கே திருப்பி அளிக்கப்படுகிறது" என்று இங்கிலீஷில் எழுதினேன். முதலாளிக்கு வாசித்து மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க கிராணி."

சொன்னேன்.

"சுபஹானல்லா. நம்ம சாக்கடைக்கு இப்படி ஒரு பேரா!"

சுகாதார இலாகாவும் காகிதத்தில் ஒரு விவரம் கேட்கும். அங்கேதான் வேடிக்கை. ஐரோப்பாக்காரனுக்கு ரப்பர் சுத்தமாக வேண்டும், ஆகவே நிறையத் தண்ணீரில் கழுவுகிறோம் என்று காட்டினால் அவனுக்குத் திருப்தி. சுகாதார இலாகாவுக்கு ஊர் சுத்தமாக வேண்டும், ஆகவே கொஞ்சம் தண்ணீர்தான் வெளியே போகிறது என்று காட்டினால் அவர்களுக்குத் திருப்தி. எல்லோரையும் திருப்திப்படுத்துவது என் சுபாவம். ஒரு தாளில், தினம் நாற்பது பீப்பாய் உள்ளே. இன்னொரு தாளில், தினம் இரண்டு பீப்பாய் வெளியே. இங்கே ரத்தினம், அங்கே கோவிந்தராசு. இரண்டு தாளும் ஒரே மேசையில் சேராத வரைக்கும் இரண்டும் உண்மை.

உண்மையில் அந்த நாற்பதும் வேலிக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் விழுந்து மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருபது அடியில் மக்சிக் காமாச்சியின் கிணறு. எனக்கு இது தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும்.

5

செட்டிமார் வருஷத்தில் இரண்டு தடவை முன்னோருக்குப் படைப்பார்கள். பார்ச்சு என்பார்கள். பழம் பழுக்கிற பருவத்தில் வருகிற பார்ச்சுக்கு மக்சிக் எங்களையும் கூப்பிட்டிருந்தார். வாழையிலையில் சோறு, மீன் குழம்பு, சம்பால், டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன், மெழுகுவத்தி. வீட்டில் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டாலும் படையலுக்கு மட்டும் வீட்டுக் கிணற்று நீரில்தான் சமைப்பது அவர் குடும்ப வழக்கம். செத்துப்போனவர்கள் குடித்த தண்ணீர் அதுதானே, குழாய் அவர்களுக்குத் தெரியாது என்று வசந்தா மூலமாக எனக்கு விளக்கினார்.

முன்னோர் சாப்பிட்டு முடித்ததும் எங்களை உட்காரவைத்தார்கள். என் சட்டைப் பையில் விண்ணப்பம் மடித்து இருந்தது. சாப்பாடு ஆனதும் நல்ல நேரம் பார்த்துக் கேட்கலாம் என்று திட்டம். முதல் கவளத்தை வாயில் வைத்தேன். எனக்கு இந்த உலகத்தில் நன்றாகத் தெரிந்த வாசம் ஒன்று உண்டென்றால் அது ஊறவைத்த ஒட்டுப்பால். அது சோற்றில் இருந்தது.

மக்சிக் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, எப்படி என்று கேட்டார். பையில் இருந்த காகிதம் என்னை இடித்தது. என் வியாதி அன்று என்னைக் கைவிட்டது.

"செடாப்" என்றேன். ருசியாக இருக்கிறது என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த நாலு மலாய் வார்த்தையில் ஒன்று.

பக்கத்தில் வசந்தா இலையைத் தள்ளி வைத்தாள். மக்சிக்கிடம் மலாயில், எனக்கே புரிகிற மலாயில் சொன்னாள்: "பௌ அப்பா."

அப்பா வாசம் அடிக்கிறதாம்.

செண்பகம் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த இடத்தில் தரை பிளந்திருந்தால் நான் சந்தோஷமாக இறங்கியிருப்பேன். மக்சிக் கோபிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். நான் தயங்கித் தயங்கி எடுத்து நீட்டிய விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வசந்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு ஏதோ சொன்னார். வசந்தா கண்ணில் சிரிப்போடு மொழிபெயர்த்தாள்.

"மக்சிக்கோட மாமனார், மாமியார், வீட்டுக்காரர் எல்லாரும் இப்பத்தான் இந்தச் சோத்தச் சாப்பிட்டாங்களாம். அவங்களும் செடாப்னு சொன்னாங்களான்னு கேட்டுட்டு அப்புறம் ரேகை வைக்கிறாங்களாம்."

6

அடுத்த வாரம் இரண்டு காகிதமும் அனுப்பவேண்டிய நாள். நான் எந்த முக்கியமான காகிதத்தையும் பிள்ளையார் காலடியில் வைத்து எடுக்காமல் தபாலில் சேர்ப்பதில்லை. ஜாலான் துக்காங் எமாஸில் பிள்ளையார் கோயில் இருக்கிறது, சில எட்டு தள்ளிப் பள்ளிவாசல். முதலாளி கடிதத்தை என்னிடம் கொடுக்கும்போது, "உங்க ஆளுகிட்ட காட்டுங்க, நான் எங்க ஆளுகிட்டச் சொல்லிக்கிறேன்" என்பார். ஒரே தெருவில் வேலை முடிந்துவிடும்.

நான் ஒரு படி அதிகம் போகிறவன். உறையை ஒட்டாமல் வைப்பேன். பிள்ளையார் படிக்கவேண்டாமா? அன்றும் இரண்டு உறையிலிருந்தும் தாள்களை எடுத்து, பிரித்து, ஒவ்வொன்றின் மூலையிலும் மஞ்சள் தடவி, சந்நிதியில் பரப்பி வைத்துக் கும்பிட்டேன். கும்பிட்டதில் பாதி ஆலைக்காக, பாதி மக்சிக்கின் கட்டைவிரலுக்காக. பார்ச்சுச் சோற்றைப் பற்றியும் சொல்லவேண்டியிருந்ததால் கண்ணை மூடி நின்றது வழக்கத்தைவிட நீண்டுவிட்டது. கண்ணைத் திறந்தால் பஸ்ஸுக்கு நேரம். ஈர விரலோடு தாள்களை அள்ளி, உறைகளில் திணித்து, ஒட்டி, ஓடிப்போய்த் தபாலில் போட்டேன்.

இரண்டு கடிதத்திலும் முதல் தாள் சரியாகத்தான் போயிருந்தது; சிவஞானத்தின் முதல் தாளிலேயே, வெளியே போவது இரண்டு பீப்பாய் என்று ஒரு சுருக்கமும் இருந்தது. இரண்டாவது தாள், தண்ணீர் விவரத் தாள், மாறிப்போனது. ஐரோப்பாவுக்கு இரண்டு பீப்பாய். சிவஞானத்துக்கு நாற்பது பீப்பாயும், இயற்கையும்.

7

இந்தத் தடவை சிவஞானம் முன்கூட்டிக் கடிதம் போடவில்லை. உருளை ஓடிக்கொண்டிருந்தது. சாம்பிராணி இல்லை, பூந்தொட்டி இல்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சப்பாத்தோடு நேராக ஆபீசுக்குள் வந்தார். மூலையில் மஞ்சள் படிந்த இரண்டு தாளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இஞ்சை பாருங்கோ முதலாளி. முதல் தாளிலை, வெளியிலை போறது ரெண்டு பீப்பா எண்டு கிடக்குது. ரெண்டாம் தாளிலை, பாவிக்கிறது நாப்பது பீப்பா. மிச்சம் முப்பத்தெட்டும் எங்கை போகுது?"

முதலாளி ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. "ஆவியாப் போயிடுதுங்க."

"மலாக்காவிலையோ? நான் மூண்டு நாளுக்கு முன்னம் காயப்போட்ட சட்டை இன்னும் காயேல்லை."

முதலாளி என்னைப் பார்த்தார். சிவஞானமும் என் பக்கம் திரும்பினார். விரலைத் தாளில் ஊன்றி ஒரு வரியைக் காட்டினார்.

"இயற்கைக்குத் திருப்பிக் குடுக்கிறதாய் எழுதியிருக்கிறியள். நல்ல இங்கிலீஷ். ஆர் எழுதினது?"

"நான்தான் சார்."

"அப்ப சொல்லும். அந்த இயற்கையின்ரை விலாசம் என்ன?"

முதலாளி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். சொன்னால் வேலை போகும். வேலை போனால் விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது? எல்லாம் ஒரு நொடியில் கண்முன் ஓடியது. ஆனால் அந்த மனிதர் என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டுவிட்டாரே. அதோடு பார்ச்சு நாளிலிருந்து நான் என்ன சாப்பிட்டாலும் வசந்தா சொன்ன வார்த்தைதான் வாயில் இருந்தது.

"வேலிக்கு அந்தப் பக்கம் சார். மக்சிக் காமாச்சி வீடு. கொல்லைப்புறக் கிணறு" என்றேன். கேட்காமலே கதவு எண்ணையும் சொன்னேன்.

முதலாளியின் கால் என் காலிலிருந்து தானாக எடுபட்டது. சிவஞானம் பேனாவைத் திறந்து, இயற்கை என்ற வார்த்தைக்கு நேராக அந்த விலாசத்தை எழுதிக்கொண்டார்.

8

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏ இறங்கியது, சி ஏறியது. கழுவின தண்ணீர் தேங்கித் தெளிய மூன்று தொட்டி கட்டவேண்டும், பள்ளத்தை மூடவேண்டும், கிணற்றை ஆலையின் செலவில் இறைத்துத் தூர்வார வேண்டும் என்று உத்தரவு. முதலாளி என்னை வேலையைவிட்டு எடுக்கவில்லை. மூன்று நாள் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தார், நாலாம் நாள் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார்.

"உங்கள அனுப்பிட்டு இயற்கைக்கு இங்கிலீஷ் எழுத நான் எங்கங்க போவேன்?" என்றார். "ஆனா இனிமே கேள்வி கேட்கிற ஆளு வந்தா நீங்க ஸ்டோருக்குள்ள போயிடணும்."

ஐரோப்பாவிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். கம்பெனி என்ன எழுதியது தெரியுமா? எங்கள் விவரங்களை ஊன்றிப் படித்து முழுத் திருப்தி அடைந்ததாக எழுதி, பூவேலை செய்த ஒரு பாராட்டுப் பத்திரமும் சேர்த்து அனுப்பியது. இரண்டு பீப்பாயில் ஓர் ஆலை ரப்பரையும் கழுவுகிற அதிசயத்தை அங்கே ஒருவரும் கவனிக்கவில்லை. முதலாளி அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். வெளியே சி, உள்ளே பாராட்டு. ஒரே ஆலை, ஒரே தண்ணீர்.

கிணறு இறைத்த அன்று நான் மக்சிக் வீட்டுக்குப் போய் நின்றேன். மன்னிப்பு என்பதற்கு மலாயில் என்ன என்று வசந்தாவிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மக்சிக் அதை முழுவதும் சொல்லவிடவில்லை. கிணறு ஊறட்டும், மாதக் கடைசியில் வா, ஒரு டம்ளர் குடித்துப் பார்த்துச் சொல், தண்ணீர் நல்லா இருந்தால் ரேகை என்றார்.

அந்த மாதக் கடைசிதான் இன்று காலை. பத்து மணிக்கு விண்ணப்பமும் மைப்பெட்டியுமாகப் போனேன். வசந்தா எனக்கு முன்பே அங்கே இருந்தாள். மக்சிக் கிணற்றிலிருந்து இறைத்து, பித்தளை டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்தார். தண்ணீர் கண்ணாடியாகத்தான் இருந்தது. குடித்தேன். முதல் மடக்கில் ஒன்றும் தெரியவில்லை. விழுங்கின பிறகு, நாக்கின் அடியில், அது வந்தது. முன்புபோல் இல்லை. கொஞ்சம்தான். ஒட்டுப்பாலோடு பல வருஷம் குடும்பம் நடத்தினவனுக்கு மட்டும் தெரிகிற அளவு.

மக்சிக் கேட்டார், எப்படி?

செடாப் என்று ஒரு வார்த்தை போதும். தொட்டி கட்டியாகிவிட்டது, இன்னும் இரண்டு மாதத்தில் அந்தக் கொஞ்சமும் போய்விடும், ஒருவருக்கும் நஷ்டமில்லை. ஆபீஸ் பன்னிரண்டுக்கு மூடிவிடும். இதெல்லாம் எனக்குத் தோன்றாமல் இல்லை. வசந்தா மொழிபெயர்க்கத் தயாராக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு வேலை வைக்கவில்லை.

"பௌ அடா லகி, மக்சிக்" என்றேன். வாசம் இன்னும் இருக்கிறது. இலக்கணம் சரியோ தப்போ தெரியாது.

சொல்லிவிட்டு விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைக்கப்போனேன். கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். மக்சிக் டம்ளரை என் கையிலிருந்து வாங்கி, மீதி இருந்ததைத் தானே குடித்தார். பிறகு வசந்தாவிடம் ஏதோ சொன்னார்.

"அவங்க தெனமும் குடிச்சுப் பாக்குறாங்களாம் அப்பா. வாசம் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியுமாம்" என்றாள் வசந்தா. "மைப்பெட்டிய எடுங்க லா, மணி ஆச்சு!"

மக்சிக் கட்டைவிரலை மையில் தோய்த்து, கடைசிப் பக்கத்தில் அழுத்தி வைத்தார். அதோடு விடவில்லை. பேனாவை என் சட்டையிலிருந்து உருவிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, ரேகைக்குப் பக்கத்தில் வளைவாக ஓர் எழுத்தை வரைந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே ஆங்கில எழுத்து அது. எங்கள் ஆலை வாசலில் பார்த்து, வசந்தாவிடம் அர்த்தம் கேட்டுக் கற்றுக்கொண்டது.

ஓட்டமும் நடையுமாக நான் ஆபீசுக்குப் போனபோது மூடக் கால் மணி இருந்தது. அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் நின்றார்.

"இது என்ன?" என்றார், அந்த எழுத்தின் மேல் விரலை வைத்து.

முதலாளியின் பிறை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அது எனக்குப் போட்ட மார்க்கு, துவான்" என்றேன். "ஏ என்றால் சுத்தம். இது சி."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, அந்த எழுத்தின் மேல் பட்டுவிடாமல் சற்றுத் தள்ளி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைக் குத்தினார்.